உக்கிராணச் சாவி யாரிடம்?

கல்யாணச் சமையலைக் காண்ட்ராக்டுக்கு விடுவதை இன்று யாரும் தப்பாக நினைப்பதில்லை. இங்கே மைசூர் அக்ரஹாரத்திலும் அப்படித்தான். ஆனால் விவரம் தெரிந்த வீடுகளில் உக்கிராண அறைச் சாவி மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவரின் இடுப்பில் இருக்கும். (கன்னடத்திலும் அது உக்ராணதான்!) சமைப்பவர் வெளியாள். எத்தனை மூட்டை அரிசி வந்தது, எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு வீட்டாளிடம். வங்கியின் கம்ப்யூட்டர் வேலையை வெளியே கொடுக்கலாமா, நாமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

2024 ஜூலை 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி. சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்று ஒரு நிறுவனம். ஸ்டேட் பேங்கும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து தொடங்கியது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை தருவது அதன் தொழில். அங்கே ரான்சம்வேர் தாக்குதல். நோய் பரவாமல் இருக்க என்.பி.சி.ஐ. அந்த நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. அது சரியான முடிவுதான். ஆனால் கிட்டத்தட்ட 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யு.பி.ஐ. உள்ளிட்ட பணப் பரிமாற்றம் நின்றுபோனது. மறுநாள் ஆகஸ்ட் 1-ல்தான் இணைப்பு திரும்பி வந்தது.

நாட்டின் மொத்தப் பரிவர்த்தனையில் இது சிறு பங்குதான் என்றார்கள். இருக்கலாம். பால் சொசைட்டிப் பணம் கூட்டுறவு வங்கிக் கணக்கில் மட்டும் வருகிற ஒருவருக்கு அன்றைக்கு அது மொத்தப் பங்கு. துண்டிப்பது ஒருவர் கையில், சரிசெய்வது இன்னொருவர் கையில். வங்கிக்காரர் கையில் மிஞ்சியது வாசலில் ஒட்ட ஒரு நோட்டீஸ்.

"அப்படியானால் எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம்" என்பார்கள் சிலர். அதுவும் நடக்காத காரியம். பத்துக் கிளை உள்ள வங்கி டேட்டா சென்டரும் இரவு பகல் காவலும் வைத்தால் வட்டி லாபம் முழுக்க அதற்கே போய்விடும். பணமும் ஆளும் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. அடிக்கடி சேவை முடங்கியதால் ஹெச்.டி.எஃப்.சி. வங்கி புது கிரெடிட் கார்டு கொடுப்பதை 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. 2024 ஏப்ரலில் கோடக் மஹிந்திரா வங்கிக்கும் தடை வந்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் வெளி நிறுவனங்களால் வரும் அபாயத்தைச் சரியாகக் கையாளாததும் ஒன்று.

நம்ம ஊர் உதாரணம் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. 'கிரௌன்' என்று கோர் பேங்கிங் மென்பொருளைத் தன் ஆட்களை வைத்தே எழுதிப் பல வருடம் ஓட்டியது. பெருமையான விஷயம். அப்புறம் அதுவும் இன்ஃபோசிஸின் ஃபினக்கிளுக்கு மாறியது. வெளியே வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஒரு காலத்தில் தானே எழுதிய வங்கிக்கு வாங்கும்போது என்ன கேள்வி கேட்கவேண்டும் என்று தெரிந்திருக்கும். அது சின்ன விஷயமில்லை.

பி.காம்.மில் காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு 'செய்வதா, வாங்குவதா' கணக்கு ஞாபகம் இருக்கும். நாமே செய்தால் ஆகும் மாறும் செலவு இவ்வளவு, வெளியே வாங்கினால் இவ்வளவு, குறைந்ததைத் தேர்ந்தெடு. பரீட்சைக்குச் சரி. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு வரவே வராது. வேலை தெரிந்த ஆள் நம்மிடம் ஒருவர்கூட இல்லாமல் போவதன் செலவு. முதல் வருடம் அது தெரியாது. ஐந்தாவது வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தெரியும். எதிரில் இருப்பவர் சொன்ன விலைதான் விலை. வேறு இடத்துக்குப் போக வழி தெரிந்தால்தானே பேரம் பேச?

ரிசர்வ் வங்கிக்கு இது தெரியும். வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதுதான், ஒப்பந்தத்திலிருந்து வெளியேற வழி வைத்திரு என்று 2023 ஏப்ரலில் விரிவான உத்தரவு போட்டது. அதே வருடம் அக்டோபர் 1 முதல் அமல். நல்ல உத்தரவு. ஆனால் கிராம வங்கிகளும், முதல் இரண்டு அடுக்கில் உள்ள சிறிய நகரக் கூட்டுறவு வங்கிகளும் அந்த உத்தரவின் வரம்பில் இல்லை. சிறியவர்களுக்குச் சுமை வேண்டாம் என்ற நல்லெண்ணமாக இருக்கும். ஒன்பது பத்து மாதத்தில் அடி விழுந்தது பெரும்பாலும் அந்த வகை வங்கிகளுக்குத்தான்.

இத்தனைக்கும் ரிசர்வ் வங்கி தன் விஷயத்தில் ரொம்பத் தெளிவு. நோட்டு அடிக்க 1995-ல் தனக்கே சொந்தமான கம்பெனி தொடங்கியது. அதன் அச்சகங்களில் ஒன்று இதே மைசூரில். நோட்டுக் காகிதத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று 2010-ல் காகித ஆலைக்கும் இங்கேயே கூட்டுக் கம்பெனி அமைத்தார்கள். எதை வெளியே விடக்கூடாது என்று தெரிந்தவர்கள் செய்யும் வேலை அது.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வரை வெளியே கொடுங்கள், மென்பொருளை வெளியே வாங்குங்கள். மூன்றை மட்டும் கொடுக்காதீர்கள்.

1. தினமும் ஒரு நகல் தரவு. கணக்கு, பாக்கி எல்லாம் வங்கியின் சொந்த இடத்தில், வங்கி ஆளே திறந்து படிக்கும்படி.

2. சம்பளப் பட்டியலில் இரண்டு பேர். ஒருவர் லீவு போட்டாலும் இன்னொருவர் இருக்கவேண்டும். சேவை நிறுவனம் சொல்வது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர்கள்.

3. வருடத்துக்கு ஒரு நாள் ஒத்திகை. இணைப்பு அறுந்ததாக வைத்துக்கொண்டு கவுண்ட்டரில் பணம் கொடுத்துப் பார்ப்பது.

இரண்டாவதுதான் தலைவர்களுக்குக் கசக்கும். சம்பளச் செலவு லாப நஷ்டக் கணக்கில் தெரிகிறது, அதனால் கிடைக்கும் பாதுகாப்பு தெரிவதில்லை. பத்துக் கிளை வங்கி தனியாகத் தாங்காது என்றால் ஒரு மாவட்டத்தில் நாலைந்து வங்கிகள் சேர்ந்து இரண்டு பேரை வைக்கலாமே. கூட்டுறவு என்று பெயரிலேயே இருக்கிறது.

உங்களுக்குக் கூட்டுறவு வங்கியில் பங்கு இருந்தால் நீங்களும் முதலாளிதான். பொதுக்குழுவில் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்று கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "நாளைக்கு அந்தக் கம்பெனி நின்றுபோனால், என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல நம்மிடம் யார் இருக்கிறார்கள்?" பதிலாக ஒரு ஆளின் பேர் வரவேண்டும். கஸ்டமர் கேர் நம்பர் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.