மறதிக்கார யந்திரங்கள்

ஒரு கருவியின் யோக்கியதை என்ன? கேட்டவுடன் பதில் சொல்வது. கொடுத்ததைத் தொலைக்காமல் வைத்திருப்பது. இவ்விரண்டும் இல்லாதபோது மற்ற வித்தைகளெல்லாம் வெறும் ஜம்பம்!

1996-இல் வந்த பாம் நிறுவனத்துப் பைலட்டின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ்தான். நினைவகம் 128 கிலோபைட்டில் ஆரம்பம். ஆனால் பொத்தானை அமுக்கிய கணமே விலாசம் கண்முன் நிற்கும். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதலில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் சுமந்து திரிந்து, ஒரு மனிதனுக்கு எது தேவை என்று யோசித்தவர். தேவையில்லாததை விலக்கியதே அவருடைய கெட்டிக்காரத்தனம்.

பின்னர் வந்த பாக்கெட் பிசிகள் பாட்டுப் பாடின, படம் காட்டின, 2002-இல் தொலைபேசியையும் சேர்த்துக்கொண்டன. பேட்டரி அடியோடு தீர்ந்தால், எழுதி வைத்ததை மட்டும் மறந்துவிட்டன! மின்சாரம் போனாலும் அழியாமல் காக்கும் ஏற்பாடு விண்டோஸ் மொபைலுக்கு 2005-இல்தான் வந்தது.

"பைலட்டும் மறக்குமே" என்பீர்கள். மறக்கும்தான். ஆனால் அதன் இரண்டு சிறு பேட்டரிகள் வாரக்கணக்கில் தாங்கின. இவையோ சில மணி நேர உபயோகத்திலேயே சோர்ந்தன.

புதுமைக்கு நான் விரோதியல்ல. ஒரு விலாசத்தைக் காப்பாற்றத் துப்பில்லாததற்கு, 'புத்திசாலித் தொலைபேசி' என்று பட்டம் சூட்டினார்களே, அதைத்தான் கேட்கிறேன்: யாருடைய புத்தி அது?