பகல் கச்சேரியும் விடியக் கூத்தும்

மார்கழி வந்தால் சென்னையில் இசைவிழா. 1927இல் அந்நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபையையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் பயனாக எழுந்ததே மியூசிக் அகாடமி. இன்று எத்தனையோ சபாக்கள் கச்சேரி, நடனம், நகைச்சுவை நாடகம் எனப் பருவம் முழுவதையும் நிறைக்கின்றன.

பிழைப்பின் நிமித்தம் அங்கே வாழும் நம் ரிஷிவந்தியத்துப் பிள்ளைகளோ, "சீட்டு விலை அதிகம், சங்கீதமும் விளங்காது" என்று ஒதுங்குகின்றனர். பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணமே கிடையாது. அவ்வேளையில் பாடுவோர் பெரும்பாலும் வளர்ந்துவரும் இளைஞர். எதிரே காலி நாற்காலிகள். கூட்டமெல்லாம், சொல்லவும் கூசுகிறது, சபா சிற்றுண்டிச் சாலையில்! நம்மவர் நால்வர் சென்று அமர்ந்தால் அந்த இளங்குரலுக்கு எத்துணை ஊக்கம்!

விளங்காது என்பதை நாம் ஏற்கோம். விடியும்வரை பாரதக் கூத்துப் பார்த்து, கட்டியங்காரனின் கேலிக்குச் சிரித்து, முகவீணைக்கும் மத்தளத்துக்கும் தலையசைத்தவர்கள் அன்றோ நாம்! இராகத்தின் பெயர் தெரியாவிடினும் செவி பழகிய செவிதான்.

பொங்கலையொட்டி நடப்பது 'சென்னை சங்கமம்'. அருட்தந்தை ஜெகத் கஸ்பரின் தமிழ் மையம் முன்னின்று 2007இல் தொடங்கிய இவ்விழா கூத்தையும் பறையையும் பூங்காக்களுக்குக் கொணர்ந்தது. இடையில் நின்றுபோனதை 2023இல் தமிழக அரசு மீட்டது. நல்ல முயற்சியே. எனினும் இரவெல்லாம் ஆடும் கூத்தர் அங்கே சிறிது நேரத்தில் மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும். கைதட்டி நகரும் கூட்டத்தினிடையே கதை தெரிந்த ஒருவர் நின்று பார்த்தால் கட்டியங்காரன் கண்டுகொள்வான். ஆட்டம் முடிந்ததும் அவரிடம் சென்று, எந்த ஊர், கோடையில் எங்கே விடிய விடியக் கூத்து என்று கேளுங்கள். விடுப்பில் ஊர் வரும்போது அங்கும் போய் அமருங்கள்.