பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்தார்கள்

"டாக்டரம்மா, இந்த நாலு பல்லை மட்டும் பிடுங்கி விட்ருங்க. மத்தபடி எங்க ராமு தங்கமான பையன்."

நத்தம் பக்கத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் நான் பணியில் இருந்த காலம் அது. இடுப்பில் கயிறு கட்டிய குரங்கோடு ஒரு பாட்டி வந்து நின்றார். முந்தின நாள், திருப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு ராமுவைத் தாண்டிப் போயிருக்கிறாள். கன்னத்தில் ஒரே கடி. ஏழு வயதுக் குழந்தைக்கு ஒன்பது தையல்.

பல்லைப் பிடுங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாட்டியைக் கடிந்துகொள்ள மட்டும் வாய் வரவில்லை. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே ராமுவை முந்தானைக்குள் பொதிந்து அவர் என்னிடம்தான் கொண்டுவந்தார். டிரான்ஸ்பார்மரில் அடிபட்டுச் செத்த தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு கிடந்ததாம். எத்தனை மணிக்கு ஒருமுறை, எவ்வளவு பால் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் கன்னத்துத் தழும்பில் எனக்கும் பங்கு உண்டு.

"இத்தனை வருசம் கடிக்காதது இப்ப மட்டும் ஏன்?" என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். குரங்கு வளர்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். கெட்டுப்போனதால் ராமு கடிக்கவில்லை. அது வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நாட்டுக் குரங்கில் கடுவனுக்கு நான்கைந்து வயதில் கோரைப்பல் நீண்டு கூராகிவிடும். கூட்டத்தில் யார் பெரியவர், யார் முதலில் தின்பது என்ற வரிசையை முறைத்தும் விரட்டியும் கடித்தும்தான் அவை முடிவு செய்கின்றன. வீட்டில் வளரும் கடுவனுக்கு அந்த வீடே கூட்டம். பாட்டி அதற்கு மூத்தவர். பேத்தி நேற்று வந்த சிறிசு. சிறிசு தீனியோடு தன் முன்னால் நடந்தால் ராமு என்ன செய்யும்? நாயை மனிதர் பல்லாயிரம் ஆண்டுகள் கூடவே வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். குரங்குக்கு அந்தப் பழக்கம் ஒரு தலைமுறைகூடக் கிடையாது.

அதன் முகத்தையும் நாம் தப்பாகவே படிக்கிறோம். பல் தெரிய இளித்தால் சிரிக்கிறது என்று ரீல்ஸ் போடுகிறார்கள். பெரும்பாலும் அது பயம். அக்குளில் கூச்சம் காட்டியதும் கைகளைத் தூக்கும் தேவாங்கின் வீடியோவைக் கோடிக்கணக்கானோர் ரசித்தார்கள். தென்கிழக்காசியாவில் வாழும் அந்த வகைத் தேவாங்குக்கு முழங்கைக்கு அருகே நஞ்சு சுரக்கும் சுரப்பி உண்டு. அதை நக்கிப் பல்லில் ஏற்றிக்கொள்ளத்தான் கையைத் தூக்குகிறது. அது தற்காப்பு. சந்தையில் விற்பதற்கு முன் மயக்க மருந்துகூட இல்லாமல் அவற்றின் பல்லை நகவெட்டியால் நறுக்கிவிடுவார்கள். பாட்டி என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான்.

பேத்திக்குத் தையலோடு முடியவில்லை. முகத்தில் குரங்கு கடித்தால் ரேபிஸ் தடுப்பில் அது மூன்றாம் வகைக் காயம். காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் போட வேண்டும். பிறகு 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தடுப்பூசி. ராமுவைப் போன்ற மக்காக் இனக் குரங்குகளிடம் பி வைரஸ் என்றும் ஒன்று இருக்கிறது. குரங்கை அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. தொற்றினால் மூளையைத் தாக்கும். சிகிச்சை கிடைக்காவிட்டால் பத்தில் ஏழு பேர் பிழைப்பதில்லை. 1932இல் குரங்கு கடித்து இறந்த ஓர் அமெரிக்க இளம் மருத்துவரால்தான் அது உலகுக்குத் தெரியவந்தது. நம்மிடமிருந்து அவற்றுக்கும் நோய் போகிறது. நம் காசநோய் குரங்கைக் கொல்லும். நமக்கு உதட்டில் சிறு கொப்புளம் போடும் அக்கி வகை வைரஸ், மார்மோசெட் என்ற குட்டிக் குரங்குக்கு எமன். அந்த மார்மோசெட்டைத்தான் பணக்கார வீடுகளுக்காகப் பெட்டியில் அடைத்து விமானத்தில் கடத்துகிறார்கள். 2022 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் பாம்புகளோடு ஆப்பிரிக்காவின் டி பிரேசா குரங்கு ஒன்றும் இருந்தது.

ராமுவுக்கு என்ன ஆனது? இடுப்புக் கயிறு தோலுக்குள் இறங்கிப் புண்ணாகியிருந்தது; மயக்கம் கொடுத்து வெட்டி எடுத்தேன். பிறகு மலையில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்றாம் நாள் காதும் தோளும் கிழிந்து அடிவாரத்து டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தது. மலையில் இருந்த கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்கும் குரங்குகளோடு இருக்கத் தெரியவில்லை. மிச்ச ஆயுள் கூண்டில் கழிந்தது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் குரங்கை வீட்டில் வளர்ப்பது குற்றம். ஆனால் பாட்டியைப் போன்றவர்களுக்குச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. செத்த தாயின் மேல் குட்டி உயிரோடு கிடக்கும்போது, "இங்கே கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல அருகில் ஓர் இடம் வேண்டும். அனாதைக் குட்டிகளைத் தனித்தனியாக அல்லாமல் சேர்த்தே வளர்த்து, கூட்டமாகக் காட்டுக்கு அனுப்பும் மையம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். குரங்குக் குட்டி வந்தால் அன்றே வனத்துறைக்குத் தெரிவிப்பதைக் கால்நடை மருத்துவர்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும். நான் செய்யத் தவறியது அது.

போன மாதம் ஓர் இளைஞர் போன் செய்தார். பைக்கில் குட்டியோடு வந்துகொண்டிருந்தார். கூட்டம் எங்கே என்று கேட்டேன். "அங்கேயேதான் மேடம், புளியமரத்துல உக்காந்து கத்திக்கிட்டிருக்கு." திரும்பிப் போங்கள், குட்டியைக் கூடையில் வைத்து மரத்தடியில் விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள், நாய் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வனவருக்கும் சொன்னேன். எப்போதும் கூட்டம் வந்து எடுக்கும் என்று உறுதியில்லை. அன்று இருட்டுவதற்குச் சற்று முன் ஒரு மந்தி இறங்கி வந்து, குட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு மரம் ஏறிவிட்டது.