சமரசம் வேறு, நீதி வேறு

நம் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றையொன்று நன்கு அறிந்தவை. அதுவே சில வேளைகளில் வினையாகிறது. பதினைந்து வயதுப் பையன் பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்றால், காவல் நிலையத்துக்குச் செய்தி போகுமுன் பெரியவர்கள் கூடிவிடுகிறார்கள். "குடும்ப மானம்" என்ற சொல்லோடு விஷயம் முடிகிறது. பையன் அதே பள்ளியில் பரீட்சை எழுதுகிறான். சிறுமியைக் கப்பலேற்றிச் சென்னையில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். தண்டனை யாருக்கு?

வெளிநாடுகளில் பேசப்படும் "சீரமைப்பு நீதி"யும் இதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை என்பதே என் கருத்து. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1993 ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றத்தை ஒப்புக்கொண்ட சிறுவனுக்குக் குடும்பக் கூட்டம் நடத்துகிறார்கள். காவலர் உடனிருப்பார். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் வரலாம், வராமலும் இருக்கலாம். கொடுத்த உறுதியைப் பையன் மீறினால் வழக்கு நீதிமன்றம் போகும். அங்கு 385 பாலியல் வழக்குகளை ஆராய்ந்து கேத்லீன் டேலி 2006இல் எழுதினார். நீதிமன்றம் சென்றவற்றில் ஏறக்குறையப் பாதியில்தான் ஏதேனும் ஒரு பாலியல் குற்றம் நிலைநாட்டப்பட்டதாம்! கூட்டத்துக்கு வந்தவர்களோ முன்பே ஒப்புக்கொண்டவர்கள். "நடந்தது உண்மை" என்று அவன் வாயால் வருவது சிறுமிக்குச் சிறிய காரியமா?

நம் பஞ்சாயத்தில் அந்த ஒப்புதல்தான் இருப்பதில்லை. மேலும், 2012 ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் அறிவிக்காதிருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. சமரசத்தைக் காட்டி இத்தகைய வழக்கை ரத்து செய்ய முடியாதென்று உச்ச நீதிமன்றமும் 2024இல் கூறிவிட்டது.

அதற்காகப் பையனைக் கைவிடச் சொல்லவில்லை. கைதிகளாக வந்தவர்கள் பின்னாளில் நிலம் பெற்றுக் குடும்பம் நடத்திய மண் இது. 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பையனுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை, நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்றாண்டு எனப் பல வழிகள் வைத்திருக்கிறது. பதினாறு வயது கடந்து கொடுங்குற்றம் செய்தவனைப் பெரியவனைப்போல் விசாரிக்கவும் இடமுண்டு. எதுவாயினும் முடிவு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் தொடங்கட்டும், நம் வீட்டுத் திண்ணையில் வேண்டாம்.

நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சிறுமியின் தாய்க்குத் தமிழில் பேசித் துணைக்கு வர இரண்டு பெண்களை ஏற்பாடு செய்யலாம். பள்ளி மாற வேண்டியிருந்தால், மாறுபவன் பையனாகவே இருக்கட்டும்.