டத்தோ பண்டாரை யார் தேர்ந்தெடுப்பது?



பிபிஆர் வீட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அங்காடிக் கடைக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. தாத்தா காலத்துக் கோயிலுக்கு நோட்டீஸ் வருகிறது. கோலாலம்பூரில் இதற்கெல்லாம் நாம் கடைசியில் போய் நிற்பது மாநகர் மன்றத்தின் வாசலில்தான். அதன் தலைவரான டத்தோ பண்டாருக்கு நீங்கள் எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டீர்கள்?

எந்தத் தேர்தலிலும் இல்லை! பதவி காலியானால் மத்திய அரசு ஒருவரை நியமிக்கிறது. நாம் பத்திரிகையில் பெயரைப் படித்துத் தெரிந்துகொள்கிறோம். தலைநகரின் 11 நாடாளுமன்ற உறுப்பினர்களை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் மாநகரை நடத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

அமெரிக்காவின் சிகாகோவைப் பாருங்கள். அந்நகரின் முதல் கறுப்பின மேயர் ஹெரால்ட் வாஷிங்டன் 1987 நவம்பரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். நகர மன்றம் இடைக்கால மேயராக ஒருவரை அமர்த்தியது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 1989இல் சிறப்புத் தேர்தல் வைத்து மக்களிடமே கேட்டார்கள்.

நம் நாட்டிலும் இந்த உரிமை இருந்தது. 1952இல் கோலாலம்பூர் மக்கள் நகராட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள். ஜோர்ஜ்டவுனில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் மேயராக 1950களின் இறுதியில் அமர்ந்தவர் டி.எஸ். ராமநாதன், நம்மவர்! சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். மோதல் 1966இல் ஓய்ந்தது. தேர்தல் திரும்பவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், 15ஆம் பிரிவில், தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

தேர்தல் வந்தால் இனக்கலவரம் வரும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். மே 13 நடந்தது 1969இல். உள்ளாட்சித் தேர்தல் நின்று அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழியைத் தேர்தல் மேல் எப்படிப் போடுவது?

"நாம் சிறுபான்மை, ஓட்டு இருந்து என்ன லாபம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நியமிக்கப்பட்டவர் நியமித்தவருக்குத்தான் பதில் சொல்வார். ஓட்டுக் கேட்டு வருபவரோ செந்தூல் அடுக்குமாடியின் படியேறித்தான் ஆக வேண்டும். போட்டி கடுமையானால் சில ஆயிரம் ஓட்டும் முடிவை மாற்றும்.

ஆனால் ஓட்டு மட்டும் போதாது. சிகாகோவில் கறுப்பின மக்கள் யூஜின் சாயர், டிமத்தி எவன்ஸ் என்று இரு அணியாகப் பிரிந்தார்கள். 1989 தேர்தலில் ரிச்சர்ட் டேலி வென்றார். 2011 வரை மேயர் நாற்காலி அவரிடமே இருந்தது. கட்சிக்கு ஒரு பக்கம், சங்கத்துக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும் நமக்கு இது தெரியாத கதையா?

நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நாடாளுமன்றமே மாற்றலாம். அடுத்த பொதுத் தேர்தலில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "டத்தோ பண்டாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எங்களுக்குத் திருப்பித் தரும் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போடுவீர்களா?"

மழுப்பினால் உங்கள் ஓட்டும் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். வரி கட்டுவது நாம். கேட்கும் உரிமையும் நம்முடையதே!