பேசாத பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்தால் பேசுவாரா?

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் ரிட்டயர்மென்ட் பணத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் நிறைய. மாடியில் ஒரு ரூம் பிள்ளைக்கென்றே இருக்கும். சில வீடுகளில் அந்தப் பிள்ளை வருவதே இல்லை. காதல் கல்யாணம், பணத் தகராறு, மாமியார் மருமகள் சண்டை, சின்ன வயதில் வாங்கிய அடி... ஏதோ ஒன்றில் பேச்சு நின்றுபோயிருக்கும். அக்கம்பக்கத்தில் கேட்டால், "பையன் ரொம்ப பிஸி" என்று சமாளிப்பார்கள்.

இந்த நிலையில் பெற்றோருக்குத் தோன்றும் யோசனை ஒன்று உண்டு: "வீட்டை அவன் பேருக்கு எழுதிட்டா வந்துடுவான்." தயவுசெய்து வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

*எழுதிக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாதா?*

முடியும், ஆனால் சுலபமில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2022 டிசம்பரில். 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் மாவட்டத்து 87 வயது தாயின் வழக்கில், 'அன்பும் பாசமும்' என்பதே மறைமுக நிபந்தனைதான் என்றது சென்னை உயர் நீதிமன்றம். தாய்க்கு ஜெயம்தான். ஆனால் அந்த வயதில் கேஸ் என்று அலைவது யாருக்குச் சந்தோஷம்?

*சாப்பாட்டுக்கே கஷ்டம் என்றால்?*

சொந்த வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர், 60 வயது ஆகாவிட்டாலும், இதே சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். ஊரப்பாக்கத்துக்கு அது தாம்பரத்தில். வக்கீல் தேவையில்லை. சட்டப்படி அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய். விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பவும் இடமுண்டு. வழி தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

கூச்சப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் சட்டத்தால் சோறு வாங்கித் தர முடியும், பேச்சை வாங்கித் தர முடியாது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டுமே கெடும்.

*அப்போ பேச்சுக்கு என்ன வழி?*

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் பில்லிமர் எடுத்த சர்வேயில், 27 சதவீதம் பேர் சொந்தக்காரர் யாருடனாவது தொடர்பு அறுந்தவர்கள். மறுபடி சேர்ந்தவர்களிடம் அவர் கண்ட பொதுவான விஷயம்: 'அன்னைக்கு நான் செஞ்சதுதான் சரின்னு ஒத்துக்கோ' என்ற பிடிவாதத்தை அவர்கள் விட்டிருந்தார்கள்.

அதனால் தினமும் பத்து மிஸ்டு கால் வேண்டாம். சொந்தக்காரர்களைத் தூது அனுப்ப வேண்டாம். பிறந்தநாளுக்கு, பொங்கலுக்கு ஒரு வரி மெசேஜ். பதில் கேட்காமல், குத்திக்காட்டாமல். மற்ற நாட்களில் வாக்கிங், நண்பர்கள், கோயில் என்று உங்கள் வாழ்க்கையை நடத்துங்கள். காத்திருப்பது மட்டுமே வேலையாகிவிடக் கூடாது.

இதைப் படிக்கும் நீங்களே அந்தப் பேசாத பிள்ளையாக இருக்கலாம். உங்கள் காரணம் நியாயமானதாகவும் இருக்கலாம். பேசுங்கள் என்று கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் மருந்துக்கும் மளிகைக்கும் அவர்களிடம் பணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பேச வேண்டிய அவசியமே இல்லையே!