எல்லையைக் கூட்டுவதற்கு முன் கோப்பை மூடப் பழக்குவோம்



உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் நம் பிள்ளைகள் பைதனில் செய்நிரல் எழுதுகிறார்கள். பாடசாலை வரவுப் பதிவு, பள்ளிவாசல் சந்தாக் கணக்கு என்று ஊருக்கும் செய்து தர முன்வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் வகுப்பில் 35 பேரின் விவரத்துக்கு ஒழுங்காக ஓடும் செய்நிரல், முழுப் பாடசாலைக்கும் போட்டதும் பாதியில் நின்றுவிடலாம். ஏன்?

1,200 மாணவர்கள், ஆளுக்கொரு கோப்பு என்று வைத்துக்கொள்வோம். செய்நிரல் அத்தனையையும் ஒரேயடியாகத் திறந்து வைக்கிறது. லினக்ஸில் ஒரு செய்நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் எல்லை வழக்கமாக 1,024. உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி என்று 3 இடங்கள் முதலிலேயே போய்விடும். ஆக, 1,022ஆவது பிள்ளையின் கோப்பு திறக்காது.

உடனே எல்லையைக் கூட்டிவிடத்தான் பலரும் சொல்வார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையும் சேவையகத்துக்கு அது நியாயம். மூடாமல் விட்ட கோப்புகளுக்காகக் கூட்டினால் பிழை மறையுமே தவிர, தீராது. மூடாத கோப்பில் எழுதியதெல்லாம் வட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பவும் முடியாது. இடையில் மின்சாரம் போனால் சந்தாக் கணக்கின் கடைசி வரிகள் காணாமல் போகலாம். அது ஊரின் அமானிதம்.

வழி கஷ்டமானதல்ல. திகதிப்படி இருக்கும் வரவை முதலில் மாணவர் வாரியாக வரிசைப்படுத்தினால், ஒரு நேரத்தில் ஒரு கோப்பு போதும். அப்படி முடியாவிட்டால் 100 கோப்புகளை மட்டும் திறந்து வைத்து, புதிது தேவைப்படும்போது நெடுநேரம் தொடாத ஒன்றை மூடலாம். அதை மறுபடி திறக்கும்போது சேர்த்தெழுதும் முறையில் திறக்க வேண்டும். எழுதும் முறையில் திறந்தால் பழையது அழிந்துவிடும். பைதனின் 'வித்' கட்டளையை வைத்து எழுதினால், இடையில் பிழை வந்தாலும் கோப்பு தானாக மூடப்படும்.

ஆசிரியர்களாகிய நாங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. திற, எழுது, மூடு என்று பரீட்சைக்குப் பாடமாக்க வைத்தால் மட்டும் போதாது. 2,000 பொய்ப் பெயர்களைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வோம். எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மென்பொருள் துறையில் வேலை செய்யும் நம் ஊர் இளைஞர்களே, ஊருக்கு வரும்போது ஒரு மணித்தியாலம் பாடசாலைக்கும் வந்து போங்கள். இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.